பதில்: அம்மாவின் போனில் ஜிபி வாட்ஸ்அப், கணக்குக்குத் தற்காலிகத் தடை

வெள்ளவத்தையில் போன் திருத்தக் கொடுத்த இடத்தில் அம்மாவுக்கு ஜிபி வாட்ஸ்அப் (வேறு யாரோ திருத்தி வெளியிடும், அதிகாரபூர்வமற்ற வாட்ஸ்அப்) போட்டுவிட்டார்கள், இப்போது கணக்குக்குத் தடை, பழைய சாட் போகாமல் மீள வழியுண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. ஆனால் அவசரப்பட்டு ஜிபி வாட்ஸ்அப்பை அழித்துவிடாதீர்கள். திரையில் ஓடும் தடை நேரம் முடியட்டும். அப்புறம் உள்ளே போய் பேக்கப் எடுத்து, ஃபைல் மேனேஜரில் ஜிபிவாட்ஸ்அப் என்ற ஃபோல்டரின் பெயரை வாட்ஸ்அப் என்று மாற்றுங்கள். பிறகு ப்ளே ஸ்டோரிலிருந்து அசலைப் போட்டால், எண்ணைச் சரிபார்த்ததும் ரீஸ்டோர் கேட்கும். எல்லாம் வந்து சேரும் என்று உத்தரவாதமில்லை, பேரப்பிள்ளைகளின் படங்களை முன்கூட்டியே வேறாகப் பிரதி எடுங்கள். முடிந்ததும் லிங்க்ட் டிவைஸஸ் (கணக்கோடு இணைந்துள்ள மற்றச் சாதனங்களின் பட்டியல்) பாருங்கள், தெரியாதது இருந்தால் லாக்அவுட்.

ஆபத்தா என்றால், ஆம். குறியாக்கம் (என்கிரிப்ஷன்) செய்தியை அது போகும் வழியில்தான் காப்பாற்றும். செயலிக்குள் செய்தி திறந்தே கிடக்கும். அந்தச் செயலியைத் திருத்தியவர் யாரென்று கடைப் பெடியனுக்கே தெரியாது. அதே போனில் அம்மாவின் வங்கிச் செயலியும் இருக்குமே!

நம் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்கில், ஸ்மார்ட்போனைத் தானாக இயக்கத் தெரிந்தவர் டிஜிட்டல் எழுத்தறிவு உள்ளவர். அம்மா பாஸ், பெடியனும் பாஸ். செயலி எங்கிருந்து வந்தது என்று அதில் யாரும் கேட்பதில்லை.

சரி, அம்மாவுக்கு ஜிபி எதற்கு? இரண்டு நம்பருக்கென்றால், 2023 முதல் ஆண்ட்ராய்டில் அசலிலேயே இரண்டு கணக்கு வைக்கலாம். நீல டிக்கை மறைக்கவும் அதில் வசதி இருக்கிறது.