சூடான காலை உணவும் வளரும் பிள்ளைகளும்: புரதம் பற்றிக் கேட்டீர்கள், சொல்கிறேன்

உணவியல் என் தொழில். பதின்ம வயதுப் பிள்ளைகளின் காலை உணவு பற்றி மட்டும் கேளுங்கள். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: இங்கே நான் சொல்லும் கிராம் கணக்கெல்லாம் சமைப்பவருக்கு. பிள்ளையின் காதுபட அதைப் பேசாதீர்கள். தட்டைப் பார்த்தாலே எண் நினைவுக்கு வரும் பழக்கம் இந்த வயதில் எளிதாக ஒட்டிக்கொள்ளும், பிறகு போகாது.

என் மகனுக்கு 15 வயது, 55 கிலோ. எத்தனை கிராம் புரதம் வேண்டும்?

நாள் முழுவதற்கும் எடையில் கிலோவுக்கு 0.85 கிராம். உங்கள் மகனுக்கு ஏறக்குறைய 47. நன்றாக விளையாடுகிற பிள்ளை என்றால் இன்னும் கொஞ்சம் கூடலாம். காலையில் 15 முதல் 20 கிராம் உள்ளே போனாலே நல்ல தொடக்கம். இரண்டு முட்டையும் 250 மில்லி பாலும் அதைக் கொடுத்துவிடும்.

மகளுக்குத் தினமும் ஓட்ஸ் கஞ்சி கொடுக்கிறேன். இரண்டு மணி நேரத்தில் பசிக்கிறது என்கிறாள்.

தண்ணீரில் காய்ச்சுகிறீர்கள், சரிதானே? 40 கிராம் ஓட்ஸில் புரதம் 5 கிராம் அளவுதான். தண்ணீரை விட்டுவிட்டு 250 மில்லி பாலில் காய்ச்சினால் 13 ஆகும். அடுத்தது எனக்குப் பிடித்த வேலை: ஒரு முட்டையை நன்றாக அடித்து, கொதிக்கும் கஞ்சியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அதில் விட்டுக் கலக்குங்கள். பிறகு அந்தக் கலவையை மெல்லிய தீயில் இருக்கும் கஞ்சியில் ஊற்றி, இரண்டு மூன்று நிமிடம் கை விடாமல் கிளறுங்கள். முட்டையை நேரடியாக ஊற்றினால் திரிதிரியாகிவிடும். இப்படிச் செய்தால் கஸ்டர்ட் மாதிரி வழவழவென்று வரும், வாடையும் தெரியாது. 19 கிராம் ஆகிவிட்டது. மேலே இரண்டு மேசைக்கரண்டி வேர்க்கடலை வெண்ணெய் போட்டால் இன்னொரு 7. இனிப்பு பிடிக்காத பிள்ளைக்கு உப்பு, மிளகு, துருவிய சீஸ்.

பாதாம் பாலில் காய்ச்சலாமா?

காய்ச்சலாம், ஆனால் கடையில் விற்கும் பாதாம் பாலில் ஒரு டம்ளருக்கு 1 கிராம்தான் இருக்கும். சோயா பாலில் 7.

அக்கா, எனக்கு 17 வயது. ஜிம்முக்குப் போகிறேன். சூடு பட்டால் புரதம் அழிந்துவிடும் என்று நாலு முட்டையைப் பச்சையாகக் குடிக்கிறேன். சரிதானே?

இல்லை தம்பி. புரதம் என்பது சுருட்டி மடித்த நூல் மாதிரி. சூடு அந்த மடிப்பைப் பிரிக்கிறதே தவிர, நூலை எரிப்பதில்லை. மடிப்பு பிரிந்தால்தான் செரிமான நொதிகள் உள்ளே நுழைந்து வெட்ட முடியும். போதாததற்குப் பச்சை வெள்ளைக்கருவில் அந்த நொதிகளைத் தடுக்கும் பொருட்களும், பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்து வைத்துக்கொள்ளும் அவிடினும் உண்டு. வேகவைத்தால் அவிடினின் பிடி பெருமளவு தளர்ந்துவிடும். 1998-இல் வெளியான ஓர் ஆய்வில், வேகவைத்த முட்டைப் புரதத்தில் ஏறக்குறைய 91 சதவீதம் செரிமானமானது. பச்சை முட்டையில் 51 சதவீதம்தான். சால்மோனெல்லா கிருமி வேறு இருக்கிறது.

நான் வேதியியல் சொல்லித்தருபவன். அந்த ஆய்வு ஐந்து பேரை வைத்துச் செய்தது, அதுவும் குடல் அறுவை செய்துகொண்டவர்கள். இதை வைத்துப் பையனைப் பயமுறுத்தலாமா?

ஐந்து பேர் என்பது உண்மைதான் ஐயா. ஆனால் அதே குழுவினர் 1999-இல் ஆரோக்கியமானவர்களிடமும் அளந்தார்கள். அப்போதும் பச்சை முட்டையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சிறுகுடலில் செரிக்காமல் போனது. வேகவைத்ததில் போனது 6 சதவீதம் அளவு.

சரி, 2022 ஆய்வு? உடற்பயிற்சிக்குப் பிறகு பச்சை முட்டை, வேகவைத்த முட்டை இரண்டிலும் தசைப் புரத உருவாக்கம் ஒரே அளவுதான் கூடியது.

படித்திருக்கிறேன். அதே ஆய்வில் ரத்தத்தில் அமினோ அமிலங்கள், அதாவது புரதம் செரித்துக் கிடைக்கும் துண்டுகள், வேகவைத்ததைத் தின்றவர்களுக்குத்தான் அதிகம் ஏறின. ஒரே வேளையில் ஐந்து முட்டை கொடுத்தார்கள். அவ்வளவு தின்றால் கொஞ்சம் வீணானாலும் தசைக்குப் போதும். நீங்கள் சொல்வதையே எடுத்துக்கொண்டாலும், பச்சையாகக் குடிப்பதால் கூடுதல் லாபம் எதுவும் இல்லை, கிருமி மட்டும் கூடுதல். இன்னொன்றை நானே ஒப்புக்கொள்கிறேன்: கருகும்வரை வறுத்தால் லைசின் என்ற அமினோ அமிலம் கொஞ்சம் குறையும். அதனால் தீயைக் குறைத்துச் சமைக்கச் சொல்லலாம், பச்சையாகக் குடிக்கச் சொல்ல முடியாது. இந்த வழக்கை இதோடு முடிப்போம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

என் மகள் 14 வயது, 48 கிலோ. எத்தனை கிராம்?

0.85-ஆல் பெருக்குங்கள். விடையை அவளிடம் சொல்ல வேண்டாம்.

முட்டை, பால் இரண்டும் ஒத்துக்கொள்ளாது. சூடாக என்ன செய்யலாம்?

பருப்பும் பயறும்தான். வெந்த கொண்டைக்கடலை ஒரு கிண்ணம், அதாவது 160 கிராம், 14 கிராம் புரதம் தரும். முந்தின இரவே வேகவைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால், காலையில் வெங்காயம், தக்காளியோடு ஐந்து நிமிடத்தில் சுண்டக் கிளறிவிடலாம். எலுமிச்சை பிழியுங்கள், இரும்புச்சத்து நன்றாகச் சேரும். கூடவே டீ கொடுத்தால் சேர்வது குறையும். சோயா ஒத்துக்கொள்ளும் என்றால் டோஃபுவை உதிர்த்து மஞ்சள், மிளகு போட்டு வதக்குங்கள். ராஜ்மாவில் மட்டும் கவனம்: ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும். கொதி வராத மெதுச்சூட்டுப் பாத்திரத்தில் அப்படியே போட்டால் அதன் நச்சு அழியாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.

புரதப் பவுடரைச் சூடான கஞ்சியில் போட்டால் கட்டி கட்டியாகிறது.

இறக்கிக் கொஞ்சம் ஆறவிட்டு, தனியே சிறிது பாலில் கரைத்து ஊற்றுங்கள். ஆனால் ஒழுங்காகச் சாப்பிடும் பிள்ளைக்குப் பவுடர் எதற்கு?

எந்த பிராண்ட் பவுடர் நல்லது?

மேலே பாருங்கள்.

சிறுநீரகப் பிரச்சினை உள்ள மகனுக்கு?

அவனுடைய மருத்துவரைத்தான் கேட்க வேண்டும். நான் மேலே சொன்ன எந்த அளவும் அவனுக்குப் பொருந்தாது.

என் மகன் காலையில் எதுவும் இறங்கவில்லை என்கிறான். திட்டித்தான் ஊட்ட வேண்டியிருக்கிறது.

திட்டாதீர்கள். இந்த வயதில் உடலின் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. தூக்கம் தாமதமாக வருகிறது, பலருக்குப் பசியும் மெதுவாகத்தான் எழும். எழுந்ததும் சூடான பால் ஒரு டம்ளர் மட்டும் கொடுங்கள். பருப்பு சூப்பைச் சுடச்சுடக் குடுவையில் ஊற்றி அனுப்புங்கள், முதல் இடைவேளையில் குடிக்கட்டும்.

60 கிலோ, 16 வயது, எத்தனை கிராம்?

அம்மா, பெருக்கல்!

அக்கா, நான்தான், பச்சை முட்டை. காலையில் அடுப்பு பற்றவைக்க வீட்டில் விடமாட்டார்கள். மைக்ரோவேவ்தான் இருக்கிறது.

தாராளமாகச் செய்யலாம் தம்பி. பெரிய பீங்கான் கோப்பையில் எண்ணெய் தடவி, இரண்டு முட்டை, ஒரு மேசைக்கரண்டி பால், உப்பு போட்டு நன்றாக அடி. அரை நிமிடம் வை, எடுத்துக் கிளறு, மறுபடி அரை நிமிடம். நீர்ப்பதம் போகும்வரை இப்படியே கொஞ்சம் கொஞ்சமாக. முழு முட்டையை ஓட்டோடு உள்ளே வைத்துவிடாதே, வெடிக்கும்.