யுஎஃப்டபிள்யூவில் போர்ட்டைத் திறந்த பிறகும் வெளியிலிருந்து இணைக்க முடியவில்லை, ஏன்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: கிளவுடில் வாடகைக்கு எடுத்த உபுண்டு சர்வர். அதில் ஒரு நோட்ஜேஎஸ் செயலி 3000 என்ற போர்ட்டில் (இணைப்பு எந்தப் புரோகிராமுக்கு என்று பிரிக்கும் எண்) ஓடுகிறது. உபுண்டுவின் ஃபயர்வால் கருவியான யுஎஃப்டபிள்யூவில் 3000-ஐ அனுமதித்தாயிற்று, ஸ்டேட்டஸிலும் அலவ் என்றே வருகிறது. சர்வருக்குள்ளிருந்து கர்ல் (டெர்மினலிலிருந்தே ஒரு முகவரியை அழைத்துப் பார்க்கும் கட்டளை) அடித்தால் பதில் வருகிறது. வெளியிலிருந்து பிரவுசரில் வரவில்லை. அடுத்து என்ன பார்ப்பது?

கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழிலேயே எழுதுகிறேன், டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஃபயர்வால் எந்தப் போர்ட்டையும் திறப்பதில்லை. திறப்பது புரோகிராம்தான். 3000-க்கு வரும் இணைப்புகளைத் தன்னிடம் கொடுக்கச் சொல்லி இயங்குதளத்தின் மையமான கர்னலிடம் பதிந்துவிட்டு ஒரு புரோகிராம் காத்திருக்கிறதே, அந்த நிலைக்குத்தான் லிசன் என்று பெயர். வழியில் மறிப்பதும் விடுவதும் மட்டுமே ஃபயர்வாலின் வேலை. ஆகவே ஸ்டேட்டஸில் அலவ் என்று வந்தால், மறிக்கமாட்டேன் என்று மட்டும்தான் பொருள். பதில் சொல்ல அங்கே ஆள் இருக்கிறதா, எந்த முகவரியில் இருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

அதனால் நான் எப்போதும் ஃபயர்வாலைத் தொடுவதற்கு முன் 'சூடோ எஸ்எஸ் -டிஎல்என்பி' அடிப்பேன். டி என்றால் டிசிபி, எல் என்றால் லிசன் செய்பவை மட்டும், என் என்றால் பெயருக்குப் பதில் எண், பி என்றால் எந்தப் புரோகிராம். பழைய வழிகாட்டிகளில் நெட்ஸ்டாட் என்று இருக்கும். புதிய உபுண்டுவில் அது தனியாக நிறுவினால்தான் உண்டு, எஸ்எஸ் கூடவே வருகிறது.

வரும் வரிகளில் லோக்கல் அட்ரஸ் என்ற பத்தியை நிதானமாகப் படியுங்கள். 127.0.0.1:3000 என்று இருந்தால் பிரச்சினை அங்கேயே தெரிந்துவிட்டது. அந்த முகவரி மெஷினுக்குள்ளேயே சுற்றுவது. உள்ளிருந்து கர்ல் வேலை செய்யும், வெளியிலிருந்து யாராலும் வர முடியாது. யுஎஃப்டபிள்யூவில் எத்தனை விதி போட்டாலும் இது மாறாது. 0.0.0.0:3000 என்றோ நட்சத்திரக்குறியுடன் :3000 என்றோ இருந்தால் எல்லா முகவரியிலும் கேட்கிறது என்று அர்த்தம். நோட்ஜேஎஸ் ஃபிரேம்வொர்க்கான எக்ஸ்பிரஸில் ஹோஸ்ட் எதுவும் சொல்லாமல் லிசன் கொடுத்தால் எல்லா முகவரியிலும் கேட்கும். அதே வகையான ஃபாஸ்டிஃபை அப்படியில்லை, இயல்பாகவே லோக்கல்ஹோஸ்ட்டில் மட்டும்தான் கேட்கும். பைத்தான் பக்கம் ஜாங்கோவின் ரன்சர்வரும் ஃபிளாஸ்க்கும்கூட இயல்பாக 127.0.0.1-தான். உங்கள் அறிகுறியைப் பார்த்தால் என் முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

சரி, அது சரியாக இருக்கிறது என்றால், வெளியிலிருந்து என்ன பிழை வருகிறது என்று பாருங்கள். பிரவுசரை நம்பாமல் உங்கள் லேப்டாப்பிலிருந்து 'என்சி -விஇசட்' என்று போட்டு, பின்னால் சர்வர் ஐபியையும் 3000-ஐயும் கொடுங்கள். கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு என்று சட்டென்று வந்தால், பெரும்பாலும் பாக்கெட் (நீங்கள் அனுப்பிய தரவுத் துண்டு) சர்வர்வரை போய்ச் சேர்ந்துவிட்டது, அந்த முகவரியில் கேட்க ஆளில்லை என்று கர்னலே திருப்பி அனுப்பியிருக்கிறது. கொஞ்ச நேரம் தொங்கிவிட்டு டைம்டு அவுட் என்று வந்தால், வழியில் எங்கோ ஒரு ஃபயர்வால் சத்தமில்லாமல் பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தாலே தேடல் பாதியாகக் குறைந்துவிடும். ரெட் ஹாட் வகை லினக்ஸ்களில் மூன்றாவதாக ஒன்று உண்டு: அங்குள்ள ஃபயர்வாலான ஃபயர்வால்டி மறுக்கும்போது ஐசிஎம்பி என்ற பிழை அறிவிப்பைப் பதிலாக அனுப்புவதால் நோ ரூட் டு ஹோஸ்ட் என்று வரும். பலர் அதைப் பார்த்துவிட்டு ரவுட்டிங்கைத் தோண்டிக்கொண்டிருப்பார்கள். ரவுட்டிங் நன்றாகத்தான் இருக்கும்.

டைம் அவுட்தான் வருகிறது என்றால் எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று இருக்கிறது. சர்வரில் 'சூடோ டிசிபிடம்ப் -என் -ஐ எனி போர்ட் 3000' என்று ஓடவிட்டு, கைப்பேசியில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவிலிருந்து அந்த முகவரியைத் திறந்து பாருங்கள். உள்ளே வரும் பாக்கெட்டை டிசிபிடம்ப் ஃபயர்வாலுக்கு முன்னாலேயே பார்த்துவிடும். அதாவது யுஎஃப்டபிள்யூ தடுத்தாலும் அந்த வரி திரையில் தெரியும். ஃபிளாக்ஸ் என்ற இடத்தில் எஸ் (இணைப்பு கேட்கும் முதல் பாக்கெட்) என்று ஒரு வரி வந்து, ஒரு விநாடி கழித்து அதே வரி, அப்புறம் இரண்டு விநாடி, நான்கு விநாடி என்று இடைவெளி கூடிக்கொண்டே திரும்பத் திரும்ப வந்தால், தட்டுகிற சத்தம் கேட்கிறது, பதில் மட்டும் போகவில்லை. அப்போது தடுப்பது உங்கள் சர்வருக்குள்ளேயே இருக்கிறது. திரையில் எதுவுமே வரவில்லையா? அப்படியானால் பாக்கெட் உங்கள் மெஷினைத் தொடவேயில்லை. யுஎஃப்டபிள்யூவை விட்டுவிட்டு கிளவுடின் கன்சோலுக்குப் போங்கள்.

அங்கே ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஏடபிள்யூஎஸ்ஸில் செக்யூரிட்டி குரூப், அஷூரில் நெட்வொர்க் செக்யூரிட்டி குரூப், கூகுள் கிளவுடில் விபிசி ஃபயர்வால் விதிகள். இவை சர்வருக்கு வெளியே நிற்பவை, சர்வருக்குள் எவ்வளவு தேடினாலும் கண்ணில் படாது. ஆரக்கிள் கிளவுடில் மட்டும் இன்னொன்றும் சேர்த்துப் பாருங்கள்: அவர்களுடைய உபுண்டு இமேஜிலேயே ஐபிடேபிள்ஸ் (லினக்ஸின் அடிப்படை ஃபயர்வால்) விதிகள் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும், 22-ஐத் தவிர மற்றதை அவை நிராகரித்துவிடும். கன்சோலிலும் திறந்து, உள்ளேயும் அந்த விதிகளைத் திருத்தினால்தான் வேலை நடக்கும்.

இனி போர்ட் வேலை செய்ய ஆரம்பித்த பிறகு கவனிக்க வேண்டியவை. இவற்றைக் கேட்கவில்லைதான், ஆனால் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது.

3000-ஐ உலகத்துக்கே திறந்து வைக்காதீர்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 2013-ல் உருவான இசட்மேப் என்ற கருவி, ஒரு கிகாபிட் இணைப்பை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரத்தில் ஐபிவி4 முகவரிகள் அத்தனையிலும் ஒரு போர்ட்டைத் தட்டிப் பார்த்துவிட்டது. உங்கள் சர்வர் முகவரி யாருக்கும் தெரியாது என்பதெல்லாம் பாதுகாப்பே இல்லை. செயலியை 127.0.0.1-லேயே விட்டுவிட்டு, முன்னால், வந்ததைச் செயலிக்குக் கடத்தும் இன்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை வைத்து, வலைத்தளங்களுக்கான 80, 443 இரண்டை மட்டும் திறப்பதுதான் முறை. 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டைப் பிடிக்க லினக்ஸில் ரூட் உரிமை வேண்டும் என்ற சிக்கலும் இதில் தீர்ந்துவிடும். செயலி சாதாரண யூசராகவே ஓடட்டும்.

டேட்டாபேஸ் போர்ட் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. 2017 ஜனவரியில் கடவுச்சொல் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த மாங்கோடிபி டேட்டாபேஸ்கள் பல்லாயிரக்கணக்கில் அழிக்கப்பட்டு, பிட்காயின் கேட்டு மிரட்டல் குறிப்பு மட்டும் விட்டுவைக்கப்பட்டது. அந்த ஆண்டே வந்த 3.6 பதிப்பு முதல் மாங்கோடிபி எங்கே நிறுவினாலும் இயல்பாக லோக்கல்ஹோஸ்ட்டில் மட்டும் கேட்கும்படி மாற்றினார்கள். வீட்டிலிருந்து போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸைப் பார்க்க வேண்டும் என்றால் அதன் போர்ட்டான 5432-ஐத் திறக்க வேண்டாம். சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் கட்டளையையே 'எஸ்எஸ்எச் -எல் 5433:லோக்கல்ஹோஸ்ட்:5432' என்று போட்டு, பின்னால் வழக்கம்போல யூசர் பெயரும் சர்வர் முகவரியும் கொடுத்து உள்ளே போங்கள். உங்கள் லேப்டாப்பின் 5433, சர்வரின் 5432 ஆகிவிடும். வெளியே ஒரு போர்ட்கூடக் கூடுதலாகத் திறக்கவில்லை.

புரோகிராம்களைக் கன்டெய்னர் என்ற தனி உறைக்குள் ஓட்டும் டாக்கரைப் பயன்படுத்தினால் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். '-பி 5432:5432' என்று கன்டெய்னரை ஓடவிட்டால், யுஎஃப்டபிள்யூ எல்லாவற்றையும் மறுக்கும்படி இருந்தாலும் அந்தப் போர்ட் வெளியுலகுக்குத் திறந்துவிடும். காரணம், டாக்கர் நாட் (முகவரி மாற்றும்) அட்டவணையிலேயே முகவரியை மாற்றிவிடுவதால் பாக்கெட் ஃபார்வர்டு (வேறிடத்துக்குக் கடத்தப்படுபவை) வழியாகக் கன்டெய்னருக்குப் போய்விடுகிறது. நீங்கள் யுஎஃப்டபிள்யூவில் எழுதும் வழக்கமான விதிகள் இன்புட் (சர்வருக்கே வருபவை) வழியில் நிற்பவை, அந்தப் பாக்கெட்டை அவை பார்ப்பதேயில்லை. ஸ்டேட்டஸில் 5432 பற்றி ஒரு வரியும் இருக்காது, ஆனால் திறந்திருக்கும். டாக்கரின் சொந்த ஆவணத்திலேயே இதை எழுதி வைத்திருக்கிறார்கள். தீர்வு எளிது: '-பி 127.0.0.1:5432:5432' என்று முகவரியோடு கொடுங்கள். கம்போஸ் ஃபைலிலும் இதே வடிவம்தான்.

யுஎஃப்டபிள்யூ உபுண்டுவில் ஏற்கெனவே இருக்கும், ஆனால் முடக்கப்பட்டிருக்கும். வேறு சர்வரில் அதை முதன்முறை எனேபிள் செய்யும் முன் 'சூடோ யுஎஃப்டபிள்யூ அலவ் ஓப்பன்எஸ்எஸ்எச்' கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால், இப்போதிருக்கும் இணைப்பு தப்பினாலும், அடுத்த முறை உள்ளே போக முடியாது. எனேபிள் செய்ததும் பழைய டெர்மினலை மூடாமல், புதிதாக ஒன்றைத் திறந்து எஸ்எஸ்எச் உள்ளே விடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் பழையதை மூடுவேன். எஸ்எஸ்எச்சுக்கு அலவ் என்பதற்குப் பதில் லிமிட் கொடுக்கலாம். ஒரே முகவரி 30 விநாடிக்குள் 6 அல்லது அதற்கு மேல் இணைப்பு முயன்றால் அதைத் தடுத்துவிடும். எஸ்எஸ்எச்சின் போர்ட்டையே மாற்றச் சொல்பவர்கள் உண்டு. லாக்கில் இரைச்சல் குறையும், அவ்வளவுதான். கடவுச்சொல் உள்நுழைவை நிறுத்தி கீ எனும் சாவிக் கோப்பை மட்டும் அனுமதிப்பதுதான் உண்மையான காவல்.

இன்ஜின்எக்ஸ் வைத்த பிறகு 3000-க்கான பழைய விதியை நீக்க 'சூடோ யுஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸ் நம்பர்டு' போட்டு எண்ணைப் பார்த்து டெலீட் செய்யுங்கள். ஐபிவி6-க்குத் தனியாக இன்னொரு வரி இருக்கும், அதையும் நீக்க வேண்டும். ஒன்றை நீக்கியதும் கீழே உள்ளவற்றின் எண்கள் ஒன்று குறைந்துவிடும் என்பதால், பெரிய எண்ணிலிருந்து தொடங்கிச் சிறிய எண்ணை நோக்கி வாருங்கள்.

எஸ்எஸ்ஸில் வந்த 3000 வரியையும், என்சி சொன்ன பிழையையும் கீழே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். சர்வரின் ஐபியை மட்டும் மறைத்துவிடுங்கள்.