புதிய காய்ச்சல், காணொளிக் கூட்டம்: கேட்டீர்கள், சொல்கிறேன்

பறவைக்காய்ச்சல் பற்றி எழுதியதும் திருகோணமலை ஆட்கள் நிறையக் கேட்டிருந்தீர்கள். ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தவன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

உப்புவெளியிலிருந்து ஒரு தங்கச்சி: அண்ணா, எல்லா நாடும் திரையில் பேசினால் பெருந்தொற்றைத் தடுக்கலாமா?

பேச்சு வேகமாகும், அது பெரிய விஷயம். ஐரோப்பியக் கோடையில், உலக சுகாதார நிறுவனம் இருக்கும் ஜெனீவாவில் பிற்பகல் 2 மணி என்றால் நமக்கு மாலை 5:30, வைரஸை ஆராயும் பெரிய ஆய்வுகூடங்கள் உள்ள அட்லாண்டாவில் காலை 8, மெல்போர்னில் இரவு 10, ஆக யாரும் விமானம் ஏறாமலே அன்றைக்கே முடிவெடுக்கலாம். ஆனால் வைரஸ் திரை வழியாகப் போகாது. மூக்கில் எடுத்த சுவாப் குளிர்ப்பெட்டியில் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்குப் போக வேண்டும். நம் நாட்டின் இன்புளுவென்சா (பறவைக்காய்ச்சலும் இதில் ஒரு வகை) மையம் அதுதான். மரபணு வரிசையை மின்னஞ்சலில் அனுப்பலாம், சரி, ஆனாலும் தடுப்பூசி பொருந்துகிறதா என்று சோதிக்க உயிருள்ள வைரஸ் வேண்டும்.

மூதூரிலிருந்து: நம் வைரஸ் மாதிரியை வைத்து வெளிநாட்டு நிறுவனங்கள் தடுப்பூசி செய்து நமக்கே விற்பார்கள், பிறகு ஏன் கொடுக்க வேண்டும்?

நியாயமான கோபம். இந்தோனேசியா இதே காரணத்துக்காக 2007இல் எச்5என்1 என்ற பறவைக்காய்ச்சல் வைரஸின் மாதிரிகளை அனுப்ப மறுத்தது. அப்போது பலர் அந்த நாட்டைத் திட்டினார்கள், நான் அதன் பக்கம்தான். அந்த மறுப்புக்குப் பின் நான்கு வருடம் இழுபறிப் பேச்சு நடந்து, 2011 மே மாதம் உலக சுகாதார சபை (உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் சபை) ஓர் ஏற்பாட்டை ஏற்றது: பெருந்தொற்று ஆகக்கூடிய வைரஸைப் பெறும் தடுப்பூசி நிறுவனம் ஒப்பந்தம் போட்டு, ஊசியிலோ மருந்திலோ ஒரு பங்கைத் தருவது போன்ற பலன்களைப் பகிர வேண்டும். இது இருப்பதால் கொடுக்கலாம் என்கிறேன். ஏற்பாடு இல்லாமல் வெறும் நட்பை நம்பிக் கொடுக்கச் சொல்ல மாட்டேன்.

கிண்ணியாவில் கோழிப் பண்ணை வைத்திருப்பவர்: கோழிகள் கூட்டமாகச் செத்தால்?

வெறுங்கையால் தொடாதீர்கள், விற்காதீர்கள், களப்பில் வீசாதீர்கள். உடனே அரச கால்நடை வைத்தியருக்குச் சொல்லுங்கள். ராணிக்கெட் என்ற வேறு கோழி நோயாகவும் இருக்கலாம், பரிசோதித்தால்தான் தெரியும். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் கோழி செத்ததையும் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள், ஏனென்றால் மனிதரில் புதிய வகை இன்புளுவென்சா ஒன்று உறுதியானால், ஒரே நோயாளி என்றாலும், நாடு 24 மணி நேரத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும்.

நிலாவெளியிலிருந்து ஒரு தாதி: காணொளிக் கூட்டத்தில் சத்தம் விட்டு விட்டு வருகிறது, என்ன செய்வது?

படத்தை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் வையுங்கள். அதைவிட முக்கியம், வைரஸின் பெயரை வாயால் மட்டும் சொல்லாதீர்கள். 2009 பன்றிக்காய்ச்சல் பெருந்தொற்றின் தடுப்பூசிக்கு எடுத்த வைரஸ் ஏ/கலிபோர்னியா/7/2009. இடம், எண், ஆண்டு எல்லாம் பெயரிலேயே இருக்கிறது, ஓர் எண் தவறிக் கேட்டால் வேறு வைரஸ். எழுதி அனுப்பிவிட்டு, அப்புறம் பேசுங்கள்.