பீரோவில் கிடக்கும் கேசட்டுகள்: கேள்வி பதில்

சேலத்தில் பதினெட்டு வருஷம் கல்யாண வீடியோ எடுத்தவன் நான். அஸ்தம்பட்டி, தாரமங்கலம் என்று அன்றைக்கு எடுத்துக் கொடுத்த கேசட்டுகளே இப்போது, "இதை டிவிடியில் போட முடியுமா?" என்ற கேள்வியோடு திரும்பி வருகின்றன. வீட்டுக் கணினியிலேயே போடலாம். இனியும் தள்ளிப்போடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். டேப்பும் கெட்டுக்கொண்டே வருகிறது, ஓட்டிப் பார்க்க டெக்கும் (விசிஆர்) அரிதாகிக்கொண்டே வருகிறது.

அண்ணா, என்னிடம் லேப்டாப் மட்டும்தான் இருக்கிறது. வேறென்ன வேண்டும்? (அம்மாபேட்டை)

நன்றாக ஓடுகிற டெக் வேண்டும் தம்பி. அது கிடைப்பதுதான் கஷ்டம். கடைசிவரை டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. சொந்தக்காரர்கள் வீட்டுப் பரணில் தேடச் சொல்லுங்கள். அப்புறம் டெக்கில் ஓடும் படத்தைக் கணினிக்குள் கொண்டுவரும் யூஎஸ்பி கேப்சர் கருவி ஒன்று, மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனை உள்ள ஏவி வயர். மஞ்சளில் படம் வரும், மற்ற இரண்டில் ஒலி. டெக்கில் ஒலிக்கு ஒரே ஓட்டை இருந்தால் வெள்ளையை மட்டும் செருகுங்கள்.

மென்பொருளுக்குச் செலவில்லை. ஓபிஎஸ், விர்ச்சுவல்டப் இரண்டுமே இலவசம். நம் ஊர் கேசட் பால் (PAL) என்ற டிவி முறை, அதனால் படத்தின் அளவு 720க்கு 576, நொடிக்கு 25 ஃபிரேம் என்று வையுங்கள்.

கேசட்டை டெக்கில் போடுமுன் அதன் முதுகு ஓரத்தில் உள்ள சின்ன பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை கைதவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினால் தாலி கட்டும் காட்சியே அழிந்துபோகும்.

எங்கள் வீடு ஏற்காட்டில். அப்பா அம்மா கல்யாண கேசட்டில் வெள்ளை வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. ஓட்டிப் பார்க்கலாமா சார்?

ஓட்டவே ஓட்டாதீர்கள் அம்மா. அது பூஞ்சை. ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரம், மழைக்காலத்தில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்துபோகும் இடம். அங்கே பீரோவில் வைத்த பட்டுப்புடவைக்கு நேர்வது கேசட்டுக்கும் நேரும்.

காபித் தோட்டத்து வீடு ஒன்றிலிருந்து அப்படி ஒரு கேசட் என்னிடம் வந்தது. அதன் கண்ணாடியை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தேன். சுற்றியிருக்கும் டேப் வழவழவென்று கறுப்பாகத் தெரிய வேண்டும். அதில் அரிசி மாவில் விரல் வைத்து இழுத்தது போல வளையம் வளையமாக வெள்ளை. அப்படியே ஓட்டியிருந்தால் டெக்குக்குள் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் பூஞ்சை ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவியிருக்கும்.

முதலில் ஈரத்தை எடுங்கள். இறுக மூடும் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இரண்டு மூன்று வாரம் வையுங்கள். வெயிலில் மட்டும் காய வைக்காதீர்கள், டேப் நெளிந்துவிடும். ஈரம் போனதும் பூஞ்சை பொடியாக உதிரும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, காற்றோட்டமான திண்ணையில் உட்கார்ந்து, அடியில் உள்ள ஐந்து திருகாணிகளைக் கழற்றி, மெல்லிய பிரஷ்ஷால் சுருளின் ஓரங்களை மெதுவாகத் துடையுங்கள். திறக்குமுன் டேப் எந்த உருளையைச் சுற்றிப் போகிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் திரும்பப் பூட்டும்போது தடுமாற மாட்டீர்கள். அதன் பிறகும் நல்ல டெக்கில் போடாமல், போனால் போகிறது என்று விடக்கூடிய பழைய டெக்கில் முதலில் ஓட்டுங்கள். பயமாக இருந்தால் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள், அதில் தப்பே இல்லை.

மூன்று மணி நேரக் கேசட்டைச் சீக்கிரமாகப் பதிய வழி உண்டா? (சூரமங்கலம்)

இல்லை. மூன்று மணி நேரம் ஓடியே ஆக வேண்டும்.

படமும் பேச்சும் சேரவில்லை. ஐயர் வாய் முந்தி அசைகிறது, மந்திரம் பிறகு கேட்கிறது. (கொண்டலாம்பட்டி)

பழைய டேப்பிலிருந்து வரும் சிக்னல் சீராக இருக்காது. ஆட்டம் கண்ட இடங்களில் கேப்சர் கருவி சில ஃபிரேம்களைத் தவறவிடும், ஒலி மட்டும் விடாமல் ஓடும். கேசட் ஓட ஓட வித்தியாசம் கூடிக்கொண்டே போகும். கருவியை யூஎஸ்பி ஹப்பில் செருகாமல் நேராக லேப்டாப்பில் செருகுங்கள். பதியும்போது வேறு எதையும் திறக்காதீர்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால், யாரிடமாவது டிவிடி ரெக்கார்டர் இருக்கிறதா பாருங்கள். டெக்குக்கும் கேப்சர் கருவிக்கும் நடுவே அதை வைத்தால் சில மாடல்கள் சிக்னலைச் சீராக்கித் தரும்.

படத்தின் அடியில் ஒரு கோடு நடுங்கிக்கொண்டே இருக்கிறது. ஆள் நடந்தால் உருவமே சீப்புப் பல் போலப் பிரிகிறது. கேசட் போய்விட்டதா?

போகவில்லை. அடியில் நடுங்குவது டெக்கில் ஒரு ஹெட் மாறி இன்னொன்று வரும் இடம். எல்லாக் கேசட்டிலும் உண்டு, அந்தக் கால டிவி ஓரத்தை மறைத்துவிட்டதால் நமக்குத் தெரியவில்லை. சீப்புப் பல்லுக்குக் காரணம், ஒவ்வொரு ஃபிரேமும் இரண்டு பாதியாகப் பதிவாவது. டிவிடிக்கு அப்படியே விடுங்கள். போனில் பார்க்க மட்டும் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் டீஇன்டர்லேஸ் செய்து, அதாவது அந்தச் சீப்புப் பல்லை நீக்கி, தனிப் பிரதி எடுங்கள்.

அமெரிக்காவில் இருந்த சித்தப்பா அனுப்பிய கேசட் கறுப்பு வெள்ளையாக உருண்டு ஓடுகிறது.

அது அமெரிக்காவின் என்டிஎஸ்சி (NTSC) டிவி முறை, 525 வரி. பால், என்டிஎஸ்சி இரண்டு வகைக் கேசட்டும் ஓடும் மல்டி சிஸ்டம் டெக் வேண்டும். மென்பொருளிலும் என்டிஎஸ்சி என்று மாற்றி, 720க்கு 480 வையுங்கள்.

முழுக் கல்யாணமும் ஒரே டிவிடியில் அடங்குமா? (செவ்வாப்பேட்டை)

அடக்கலாம், ஆனால் படம் கட்டம் கட்டமாக உடையும். 4.7 ஜிபி டிவிடியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் திணிக்காதீர்கள். முகூர்த்தத்துக்கு ஒன்று, வரவேற்புக்கு ஒன்று என்று பிரியுங்கள். மேலே ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம். டிவிடியும் கீறும், கெடும். அதனால் முதலில் பதிந்த பெரிய ஃபைலை ஹார்ட் டிஸ்கில் ஒன்று, அண்ணன் தம்பி வீட்டில் ஒன்று என்று வையுங்கள். கேசட்டையும் தூக்கிப் போடாதீர்கள்.

தாத்தா பேசுவது அந்த ஒரு கேசட்டில்தான் இருக்கிறது. டேப் அறுந்துவிட்டது. செல்லோடேப்பால் ஒட்டட்டுமா?

வேண்டாம் கண்ணு. அந்தப் பசை கசிந்து ஹெட்டைக் கெடுத்துவிடும். இதற்கென்றே இருக்கும் ஸ்ப்ளைசிங் டேப்பால், ஹெட் படாத பக்கமாக ஒட்ட வேண்டும். கசங்கிய பகுதியை மட்டும் வெட்டுங்கள். ஓரிரு நொடிப் படம் போகும், மற்றதெல்லாம் இருக்கும். ஒட்டிய இடத்தை ஹெட் மேல் ஓட விடாதீர்கள். அதற்கு முன்னால் நிறுத்தி, கேசட்டை வெளியே எடுத்து, கையால் சுற்றித் தாண்டிவிட்டு மறுபடி போடுங்கள். சோதித்துப் பார்க்கலாம் என்று வெறுமனே ஓட்டாமல், முதல் ஓட்டத்திலேயே பதிவை ஆரம்பித்துவிடுங்கள்.