டிரஸ்ஸில் 30 விளக்கு, திரையில் 27

அன்புள்ள ஐயா,

மகன் மின்னணுவியல் பட்டயப் படிப்பை முடித்துவிட்டார். பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேர்க்கலாம் என்று நீங்கள் பணம் புரட்டி வைத்திருக்கிறீர்கள். அவரோ உங்கள் ஒலி-ஒளி வாடகைக் கொட்டகையில் மடிக்கணினியும் கையுமாக உட்கார்ந்து, விளக்குகளின் பட்டியலைப் பார்த்துக்கொண்டு, "இதுவே ஒரு வேலைதான் அப்பா" என்கிறார். "ஏணியில் ஏறி விளக்குக் கட்டும் பிழைப்பு என்னோடு போகட்டும்" என்று கடிதத்தை முடித்திருக்கிறீர்கள். அந்த வரியிலிருந்தே தொடங்குகிறேன்.

ஏணியில் நீங்கள் ஏறிய காரணங்களில் ஒன்றை எண்ணிப் பாருங்கள். 16 சேனல் (ஆட்டம், நிறம், வெளிச்சம் என ஒவ்வொன்றுக்குமான கட்டளைத் தடம்) கொண்ட 30 நகரும் விளக்குகளை மாட்டுகிறீர்கள். முதல் விளக்குக்கு முகவரி 1, அடுத்ததற்கு 17, அதற்கடுத்து 33 என்று ஒவ்வொன்றின் பின்புறத்திலும் பொத்தானை அழுத்தி வைக்க வேண்டும். மொத்தம் 480 சேனல். விளக்குகளுக்குக் கட்டளை கொண்டுபோகும் டிஎம்எக்ஸ் முறையில் ஓர் இணைப்பு தாங்கும் 512-க்குள் அடங்கிவிடும். டிரஸ்ஸை (விளக்குகள் தொங்கும் உலோகச் சட்டத்தை) மேலே ஏற்றிய பிறகு பார்த்தால் இரண்டு விளக்குகள் ஒரே மாதிரி ஆடுகின்றன. யாரோ ஒருவர் 33 இரண்டு முறை வைத்துவிட்டார். மறுபடி ஏணி.

டிஎம்எக்ஸ் 1986-இல் வந்தது. அது ஒருவழிப் பேச்சு: விளக்குகளை இயக்கும் மேசை கட்டளையிடும், விளக்கு கேட்டுக்கொள்ளும், பதில் சொல்லாது. 2006-இல் ஆர்டிஎம் என்ற தரநிலை வெளியானது. அதே கேபிளில், அதே இரண்டு கம்பிகளில், விளக்கையும் பேச வைத்தது. கீழே உட்கார்ந்தபடியே முகவரியை மாற்றலாம். எத்தனை மணி நேரம் எரிந்திருக்கிறது, உள்ளே எந்த மென்பொருள் பதிப்பு இருக்கிறது என்று கேட்கலாம். எது எந்த விளக்கு என்று தெரியாவிட்டால் அதை மட்டும் தனியாக அடையாளம் காட்டச் சொல்லலாம். தம்பி திரையில் பார்ப்பது இதைத்தான்.

அந்தப் பட்டியல் எப்படி உருவாகிறது என்பதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். தம்பிக்கு இந்த வேலை பொருந்துமா என்பதை நீங்கள் அறிய அதுதான் வழி. ஆர்டிஎம் பேசும் ஒவ்வொரு விளக்குக்கும் பிறவியிலேயே 48 பிட் அடையாள எண் ஒன்று உண்டு. முதல் 16 பிட் தயாரிப்பாளரைக் குறிக்கும், மீதி அந்த ஒரு விளக்கைக் குறிக்கும். மொத்தம் ஏறத்தாழ 281 லட்சம் கோடி எண்கள். ஒவ்வொன்றாகக் கூப்பிட்டால் ஆயுள் போதாது. அதனால் மென்பொருள் ஒரு வாத்தியார் வேலை செய்கிறது. "இந்த எண்ணிலிருந்து அந்த எண் வரை யார் இருக்கிறீர்கள்?" என்று கேட்கும். பலர் ஒரே நேரத்தில் "உள்ளேன் ஐயா" என்று கத்தினால் ஒன்றும் விளங்காது. உடனே பட்டியலைப் பாதியாக வெட்டி, முதல் பாதியை மட்டும் கேட்கும். அங்கும் கூச்சல் என்றால் அதிலும் பாதி. ஒற்றைக் குரல் தெளிவாகக் கேட்டதும் அந்தப் பெயரை எழுதிக்கொண்டு, "நீ இனி வாயைத் திறக்காதே" என்று அதை அடக்கிவிட்டு, மிச்சமிருப்பவர்களைத் தேடும். 48 முறை பாதியாக்கினால் கடைசி ஒற்றை எண் வரை போய்விடலாம். எனக்கு மின்னணுவியலில் பெரிய ஞானம் கிடையாது. ஆனாலும் இதை முதன்முதலில் கேட்டபோது வியந்துபோனேன்.

பொத்தானை அழுத்தியதும் பட்டியல் வந்துவிடுகிறது. இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம், அதற்கு ஒருவரும் சம்பளம் தரமாட்டார்கள். டிரஸ்ஸில் 30 விளக்குகள் தொங்க, திரையில் 27 மட்டும் தெரியும்போது "மூன்று எங்கே?" என்ற கேள்விக்கு விடை சொல்பவருக்குத்தான் சம்பளம்.

அந்த மூன்று விளக்குகள் ஆர்டிஎம் அறியாத மலிவு ரகமாக இருக்கலாம். நம் வாடகைச் சந்தையில் அப்படிப்பட்டவை ஏராளம். ஒழுங்காக எரியும், ஆடும், ஆனால் திரையில் ஒருநாளும் தெரியா. இணைப்பைக் கிளைகளாகப் பிரிக்க நடுவில் வைக்கும் ஸ்ப்ளிட்டர் பேச்சை ஒருவழியாக மட்டும் விடுகிறதென்றால் அதற்கப்பால் உள்ள அத்தனையும் காணாமல் போகும். டிஎம்எக்ஸ் கேபிளுக்குப் பதிலாக மைக் கேபிளைப் போட்டிருக்கலாம் (செய்திருக்கிறீர்கள், இல்லையென்று சொல்லாதீர்கள்). வரிசையின் கடைசி விளக்கில், சிக்னல் திரும்பி எதிரொலிக்காமல் தடுக்கும் 120 ஓம் டெர்மினேட்டர் இல்லாமல் இருக்கலாம். கொட்டகையில் பத்து மீட்டர் கேபிளில் டெர்மினேட்டர் இல்லாமலே எல்லாம் நடக்கும். மைதானத்தில் கேபிள் நீண்டதும்தான் காலை வாரும். வீட்டில் பழகியவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான்.

பெரிய மேடைகளில் இன்னொரு அடுக்கு இருக்கிறது. மேசையிலிருந்து நெட்வொர்க் கேபிள் போய், மேடையருகே உள்ள நோடு என்ற பெட்டி அதை டிஎம்எக்ஸ் ஆக மாற்றும். இங்கிலாந்தின் ஆர்டிஸ்டிக் லைசென்ஸ் நிறுவனம் 1998-இல் கொண்டுவந்த ஆர்ட்-நெட், பின்னர் தரநிலையாக வந்த எஸ்ஏசிஎன் ஆகிய இரண்டு நெட்வொர்க் முறைகளும் இங்கே புழங்குகின்றன. ஆர்ட்-நெட்டில் மென்பொருள் ஓர் அழைப்பை எல்லோருக்கும் அனுப்ப, நோடுகள் தம் பெயரையும் ஐபி முகவரியையும் சொல்லிப் பதில் தரும். நோடின் ஐபி முகவரி 2 என்றும் மடிக்கணினியின் முகவரி 192.168 என்றும் தொடங்கினால் ஒன்றுக்கொன்று கண் தெரியாது. மடிக்கணினியின் ஃபயர்வால் பதிலை மறித்தாலும், மென்பொருள் வைஃபை பக்கம் தேடிக்கொண்டிருந்தாலும் அதே கதைதான். ஆகவே தம்பி அடுத்துப் படிக்க வேண்டியது கணினி நெட்வொர்க்கிங். விளக்குப் பயிற்சி என்று பெரும் கட்டணம் கேட்கும் குறுகியகால வகுப்புகளில் இப்போது சேர்க்க வேண்டாம்.

வேலை எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். மேடை, தொலைக்காட்சி அரங்கம், சினிமாப் படப்பிடிப்பு என்பவை உங்களுக்கே தெரியும். நீங்கள் யோசிக்காத இடம் கட்டடங்கள். அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் டாலி என்ற முறையில் விளக்குகளை இணைக்கிறார்கள். ஓர் இணைப்பில் 64 விளக்குகள் வரை. அதுவும் ஏறத்தாழ இதே பாதியாக்கும் முறையில்தான் விளக்குகளைக் கண்டுபிடிக்கிறது. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண், உங்கள் மகனைப் போலவே பட்டயம் முடித்தவர், இப்போது அந்த வேலையில் இருக்கிறார். "மென்பொருள் 60 விளக்குகளைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும் சார், ஆனால் எது யார் தலைக்கு மேல் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது" என்றார். வரைபடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக மினுக்கி, அறை அறையாக நடந்து குறித்துக்கொள்கிறார். பகல் வேலை, மாதச் சம்பளம். மேடை வேலையில் இந்த இரண்டும் உறுதியில்லை. மார்கழியில் கல்யாண மேடைகள் ஓய்ந்துவிடும், ஆடியில் அம்மன் கோயில் திருவிழாக்களில் தூக்கம் இருக்காது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பட்டப்படிப்பு வேண்டுமா? கட்டட வேலைக்கோ வெளிநாட்டுக்கோ போவதானால் பட்டம் உதவும். மேடைக்கு அவ்வளவு தேவையில்லை. என் கருத்து, சேரட்டும். ஆனால் விடுமுறை நாள்களில் கொட்டகையை விட்டுப் போக வேண்டாம். மின்கம்பியாள் தகுதிச் சான்றிதழ் பெறும் வழியையும் விசாரித்து வையுங்கள். 230 வோல்ட்டை மதிக்கத் தெரியாதவரை நம்பி எந்த அரங்கத்தையும் ஒப்படைக்க மாட்டார்கள். வளைகுடா வேலை என்று யாராவது வந்தால், அந்த முகவரின் உரிமத்தை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்காமல் ஒரு ரூபாயும் தராதீர்கள்.

பணத்தைக் கட்டுவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு சோதனை செய்யலாம். ஓலா என்ற இலவச மென்பொருள் இருக்கிறது (வாடகைக் கார் அல்ல, ஓப்பன் லைட்டிங் ஆர்க்கிடெக்சர் என்பதன் சுருக்கம்). ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில்கூட ஓடும். ஆர்டிஎம் பேசத் தெரிந்த யூஎஸ்பி-டிஎம்எக்ஸ் கருவி ஒன்று மட்டும் வேண்டும். ஆர்டிஎம் உண்டா என்று கேட்டு வாங்கச் சொல்லுங்கள், இல்லாததும் விற்கிறது. கொட்டகையில் உள்ள எல்லா விளக்குகளையும் அதில் இணைத்து, அடையாள எண், முகவரி, எரிந்த மணி நேரம், மென்பொருள் பதிப்பு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் பதிவேடாக எழுதட்டும். திரையில் வராத விளக்குகளுக்குத் தனிப் பக்கம், ஏன் வரவில்லை என்ற காரணத்தோடு. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: நிகழ்ச்சி நடக்கும்போது தேடல் பொத்தானைத் தொடக் கூடாது. சில பழைய விளக்குகள் ஆர்டிஎம் பேச்சைத் தமக்கான கட்டளை என்று நினைத்து மினுக்கத் தொடங்கிவிடும்.

பதிவேடு முடிந்ததும் நீங்கள் தேர்வாளராகுங்கள். அவர் சாப்பிடப் போயிருக்கும்போது ஒரு கோளாறை ஒளித்து வையுங்கள். ஒரு கேபிளில் 2, 3 ஆம் பின்களை (இணைப்பு முனைகளை) மாற்றிப் பற்றவைத்துவிடலாம், ஸ்ப்ளிட்டருக்குப் பதில் ஒருவழி ஸ்ப்ளிட்டரைப் போட்டுவிடலாம், இரண்டு விளக்குகளுக்கு ஒரே முகவரி வைக்கலாம். மின்சாரப் பக்கம் கை வைக்க வேண்டாம். பிறகு தள்ளி உட்கார்ந்து கவனியுங்கள். கேபிளைப் பாதியில் கழற்றி, கோளாறு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்த்து, மீண்டும் பாதியாக்கித் தேடுகிறாரா? அல்லது எல்லாவற்றையும் பிடுங்கி மாட்டி, மடிக்கணினியை அணைத்துப் போட்டு, "மென்பொருள் சரியில்லை" என்கிறாரா? கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று நான் கேட்கமாட்டேன். மூன்றாம் நாளும் "அப்பா, இன்னொன்று வையுங்கள்" என்று கேட்டாரா என்பதைத்தான் கேட்பேன்.

இரண்டு வாரம் கழித்து இருவரும் வாருங்கள். அந்த நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள். திரையில் வராத விளக்குகளின் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவேன்.