பழைய துணி மூட்டை எப்படிக் கலையாகும்?

பழைய துணிகளை மூட்டை கட்டிக் கண்காட்சிக் கூடத்தில் வைத்தால் அது கலையா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. அதைத் தீர்த்தது தென் கொரியக் கலைஞர் கிம்சூஜாவின் ஒரு வீடியோ.

லாரி நிறைய வண்ண வண்ண மூட்டைகள். அவற்றின் மேல் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். லாரி போய்க்கொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். அப்பா ராணுவத்தில் இருந்ததால் ஊர் ஊராக மாறிய குடும்பம் அவருடையது. 1997 நவம்பரில், முன்பு வாழ்ந்த ஊர்களையெல்லாம் தொட்டு 11 நாளில் 2727 கிலோமீட்டர் அப்படியே போயிருக்கிறார்.

நீங்கள் பார்க்க வேண்டியது மூட்டை கட்டியிருக்கும் துணியை. கொரியாவில் கல்யாணமான புதுத் தம்பதிக்குக் கொடுக்கும் படுக்கை விரிப்பு அது. பளீரென்ற சிவப்பு, பச்சை. நீண்ட ஆயுளும் பிள்ளைச் செல்வமும் வேண்டிப் போட்ட பூ வேலைப்பாடுகள். அவர் எடுப்பது யாரோ பல வருடம் விரித்துப் படுத்துக் கழித்ததை. உள்ளே வைப்பதும் உடுத்திய பழந்துணிகள்தான். பிறப்பு, கூடல், நோய், சாவு எல்லாம் அந்த விரிப்பின் மேல்தான் நடக்கின்றன. சடங்கு ஏற்கனவே அந்தத் துணியில் நடந்து முடிந்துவிட்டது. அவர் முடிச்சு மட்டும் போடுகிறார். புதுப் பட்டுத் துணியைத் தொங்கவிட்டு 'பண்பாட்டு அடையாளம்' என்று பலகை வைக்கும் படைப்புகள் என்னைத் தொடாததற்குக் காரணம் இதுதான் என்று அப்புறம்தான் புரிந்தது.

கிம்சூஜா ஓவியம் படித்தவர். 1983இல் அம்மாவோடு உட்கார்ந்து போர்வை தைத்தபோது, ஊசி துணியில் இறங்கிய அந்த நொடியில் தன் வழி தெரிந்ததாகச் சொல்லியிருக்கிறார். கொரியாவில் ஒரு பெண் மூட்டை கட்டுகிறாள் என்றால் வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள் என்று அர்த்தம். நாமும் 'மூட்டை முடிச்சோடு கிளம்பிவிட்டாள்' என்கிறோமே, அதே வலிதான். 1999இல் வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் மூட்டை லாரியை ஒரு பெரிய கண்ணாடிக்கு எதிரே நிறுத்தி, கொசோவோ போர் அகதிகளுக்கு அர்ப்பணித்தார்.

எங்கள் வீட்டில் அம்மாவின் நூல்சேலை ஒன்று உண்டு. தம்பிக்குத் தூளி கட்டியது. வாடகை வீட்டை அவசரமாகக் காலி செய்த நாளில் பாத்திரங்களை அதில்தான் மூட்டை கட்டினோம். புது வீட்டில் அவிழ்த்ததும் அம்மா முதல் வேலையாக அதைத் துவைத்துக் காயப்போட்டார். இன்னும் பீரோவில் இருக்கிறது.