12 வயது என்று எப்போது சொல்கிறார்?

கேள்வி: என் மகன் சென்னையில் எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறான். நாஸ் என்ற அமெரிக்க ராப் பாடகரின் 'இல்மாட்டிக்' ஆல்பத்தை ஆய்வேட்டுக்கு எடுத்திருக்கிறான். நானும் கேட்டுப் பார்த்தேன். இரண்டு வரிக்கு ஒரு கெட்ட வார்த்தை, மிச்சமெல்லாம் கஞ்சாவும் துப்பாக்கியும். இதற்கு அங்கே பேராசிரியர்கள் சேர்ந்து ஒரு புத்தகமே போட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக் காட்டுகிறான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட 20 வயதுப் பையன் இத்தனை அர்த்தத்தையும் யோசித்தா எழுதியிருப்பான்? இல்லாததை ஏற்றிச் சொல்வதற்குப் பெயர் ஆராய்ச்சியா?
— கே.ஆர்., கும்பகோணம்

பதில்: ஏற்றிச் சொல்கிறார்களா, இருப்பதைச் சொல்கிறார்களா என்பதை வெளியில் நின்று பேசித் தீர்க்க முடியாது. ஒரு பாட்டை எடுத்து வரிவரியாகப் பார்த்துவிடுவோம். ஆல்பத்தின் ஏழாவது பாட்டு, 'ஒன் லவ்'.

அது கடிதப் பாட்டு. சிறையில் இருக்கும் நண்பர்களுக்கு வெளியே இருக்கும் நாஸ் எழுதுகிறார். முதல் கடிதத்தில் ஊர்ச் சேதி. உனக்கு மகன் பிறந்திருக்கிறான், உன் ஜாடையாம். (கேள்விப்பட்டேன் என்றுதான் எழுதுகிறார். குழந்தையை அவர் இன்னும் பார்க்கவில்லை.) உன் துணைவி ஏன் உனக்குக் கடிதம் போடுவதில்லை? போய்ப் பார்த்துவிட்டு வா என்றேன், சீறி விழுந்தாள். ஜெரோம் வீட்டுப் பெண் ஜோன்ஸ் பீச்சிலிருந்து திரும்பும் வழியில் தலையில் சுடப்பட்டாள். உன் சிறைக் கேன்டீன் கணக்கில் 50 டாலர் போட்டிருக்கிறேன். நல்லதும் கெட்டதும் ஒரே மூச்சில் வரும் வீட்டுக் கடிதத்தின் நடை இது. பிறப்பைச் சொன்ன அதே குரலில்தான் அந்தப் பெண்ணைச் சுட்டதையும் சொல்கிறார். ஒப்பாரி இல்லை. அடுத்த சேதிக்குப் போய்விடுகிறார்.

மூன்றாவது சரணத்தில் கடிதம் நின்று கதை தொடங்குகிறது. தெரு வாழ்க்கை மண்டையைக் குடைகிறது என்று நாஸ் இரண்டு நாள் வெளியே போகிறார். பேனாவும் தாளும் எடுத்துக்கொள்கிறார், துப்பாக்கியை வீட்டிலேயே விட்டுவிடுகிறார். திரும்பி வரும்போது வெளியே யாரும் இல்லை, ஒருவனைத் தவிர. அவன் கஞ்சாச் சுருட்டு சுற்றிக்கொண்டிருக்கிறான். மொட்டைமாடியிலிருந்து எவனாவது சுடலாம், அதனால்தான் குண்டு துளைக்காத கவசம் போட்டிருக்கிறேன், ரிவால்வரும் வைத்திருக்கிறேன் என்கிறான். ஆழமாக இழுக்கிறான். தூங்குகிறவன் போல் கண்ணை மூடுகிறான். இருமுகிறான். இருமும்போதே ஒற்றைக் கண்ணை மட்டும் லேசாகத் திறந்து, நாஸ் பேசுவதைக் கவனிக்கிறான். உட்கார்ந்திருக்கும் பெஞ்சு, அவன் கிராக் போதைப்பொருளைச் சில்லறையாக விற்கும் இடம்.

நாஸ் அவனுக்குப் புத்தி சொல்கிறார். துப்பாக்கி வெடித்தால் சாகிறவன் பெரும்பாலும் வம்புக்குப் போகாதவன். தவறு நடந்துவிடும். ஆகவே கூட்டத்தைப் பார்த்துச் சுடாதே, ஆளைத் தனியாகப் பிடி, சாக வேண்டியவனையே சுடு. பையன் ஈவிரக்கமில்லாமல் சிரிக்கிறான். அதற்குப் பிறகுதான், போகிற போக்கில், ஒரு சின்னத் தகவல் வருகிறது: அவனுக்கு வயது 12.

கே.ஆர்., அந்த வயது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். முதலிலேயே சொல்லியிருந்தால், ஐயோ பாவம் என்று ஆரம்பித்திருப்போம். அவர் சொல்லவில்லை. இரண்டு ஆண்கள் பேசிக்கொள்கிறார்கள் என்றே நம்மை நினைக்க விடுகிறார். கூட்டத்தில் சுடாதே என்ற புத்தி கேட்டதும், நியாயம்தானே என்று நாமும் தலையாட்டிவிடுகிறோம். ஒரு குழந்தைக்குக் கொலை செய்யும் ஒழுங்கைச் சொல்லிக்கொடுத்ததற்குத் தலையாட்டியிருக்கிறோம் என்பது அப்புறம்தான் தெரிகிறது. துப்பாக்கியைக் கீழே போடு என்று நாஸ் சொல்லவே இல்லை. அந்தப் பெஞ்சில் அதைச் சொன்னால் எடுபடாது என்று அவருக்குத் தெரியும். அவரால் கொடுக்க முடிந்த அன்பு அவ்வளவுதான். எழுந்து, உடையில் விழுந்த சாம்பலைத் தட்டிவிட்டு, போலீஸ் வந்தால் பார்த்துக்கொள் என்று சொல்லிக் கிளம்புகிறார்.

இப்போது முதல் கடிதத்துக்குத் திரும்புங்கள். கடற்கரையிலிருந்து வீடு திரும்பிய அந்தப் பெண். குண்டு யாருக்கு வைத்தது என்று கடிதம் சொல்லவில்லை. ஆனால் மூன்றாவது சரணத்தில் 'தவறு நடந்துவிடும்' என்ற சொல் வரும்போது அவள் முகம் வந்து நிற்கிறது. இரண்டையும் கோர்த்துப் பார்ப்பதற்குப் பெயர்தான் உரை. இதில் நான் எதையும் ஏற்றவில்லை. எல்லாம் பாட்டிலேயே கிடக்கிறது.

இந்தக் கடிதங்கள் ஏன் சிறைக்குப் போகின்றன என்பது வரிகளுக்கு வெளியே இருக்கிறது. அங்கேதான் படித்தவர்களின் உதவி வேண்டியிருக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் ராக்ஃபெல்லர் சட்டங்கள் என்று பெயர்பெற்ற கடுமையான போதைப்பொருள் சட்டங்கள் 1973 செப்டம்பர் 1 அன்று அமலுக்கு வந்தன. சில அவுன்ஸ் சரக்குக்கே 15 ஆண்டு முதல் ஆயுள் வரை தண்டனை. நாஸ் பிறந்தது அதே செப்டம்பர் 14. பிறகு 1986இல் மத்திய அரசின் சட்டம் வந்தது: விற்பதற்காக 5 கிராம் கிராக் வைத்திருந்தாலும் 500 கிராம் கோகெய்ன் பொடி வைத்திருந்தாலும் ஒரே குறைந்தபட்சத் தண்டனை, ஐந்து ஆண்டு. (கிராக்கும் கோகெய்ன்தான், புகைப்பதற்கான கட்டி வடிவம்.) பொடியை வாங்கியவர்களில் வசதியானவர்கள் பலர். கிராக் மூலை முடுக்கில் சில்லறையாக விற்கப்பட்டது, பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் ஏழைக் கறுப்பினத்தவர். அந்தப் பெஞ்சில் 12 வயதுப் பையன் விற்பது எந்தச் சரக்கு என்று நினைவிருக்கிறதல்லவா? இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் 50 டாலர் வரியின் கனம் வேறு.

குழந்தைகள் இந்த ஒரு பாட்டில் மட்டும் இல்லை. ஆல்பத்தின் அட்டையைப் பாருங்கள். ஏழு வயது நாஸின் முகம், அதன் பின்னால் குவீன்ஸ்பிரிட்ஜ். ஆற்றோரம் 96 கட்டடங்கள், 3,000க்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட அரசு குடியிருப்பு அது. வட அமெரிக்காவிலேயே பெரியது என்பார்கள். நாஸ் வளர்ந்தது அங்கேதான். 'என்.ஒய். ஸ்டேட் ஆஃப் மைண்ட்' பாட்டில் துப்பாக்கிச் சண்டை நடக்கிறது, கையிலிருந்த துப்பாக்கி சிக்கிக்கொள்கிறது, அவர் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளக் கூடத்துக்குள் ஓடுகிறார். அங்கே நிறையச் சின்னப் பிள்ளைகள். நான் இருக்கும் உயரம் அவர்கள் பார்வைக்கு எட்டாது என்கிறார். அவர் சொன்ன 'ஹை' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு உயரம் என்றும் பொருள், போதை என்றும் பொருள். பிள்ளைகளின் கண் அவர் முகத்துக்கு எட்டவில்லை, அவர் இருக்கும் நிலையும் அவர்களுக்கு விளங்கவில்லை. ஓடுகிற ஓட்டத்தில் ஒரே சொல்லில் சிலேடை. அதற்கடுத்த பாட்டில் 20ஆம் பிறந்தநாள் காலையில் கண் விழிக்கிறார். 20 வயது வரை வந்து சேர்ந்ததே வரம் என்கிறார். சும்மா சொன்னதல்ல. 1992 மே மாதம் அவருடைய உயிர் நண்பர் வில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே இரவில் தம்பிக்கும் குண்டு பட்டது, தம்பி பிழைத்தார். அந்தப் பிறந்தநாள் பாட்டின் தலைப்பே கெட்ட வார்த்தைதான். அது முடியும் இடத்தில் ஒரு கார்னெட் ஊதப்படுகிறது. ஊதுகிறவர் நாஸின் அப்பா, ஜாஸ் கலைஞர் ஓலு தாரா. தலைப்போடு காதை மூடிக்கொண்டவர்களுக்கு அந்த ஊதல் கேட்காமலே போய்விடும்.

'யோசித்தா எழுதியிருப்பான்' என்று கேட்டிருக்கிறீர்கள். 'என்.ஒய். ஸ்டேட் ஆஃப் மைண்ட்' ஆரம்பத்தில், இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லையே என்று நாஸ் முணுமுணுப்பது பதிவிலேயே இருக்கிறது. உடனே தொடங்கி ஒரே மூச்சில் பாடி முடித்துவிட்டார் என்று அதைத் தயாரித்த டீஜே பிரீமியர் சொல்லியிருக்கிறார். ஆரம்பிக்கத் தெரியாமல் நின்றவர் வரி தெரியாமல் நிற்கவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் எழுதுவதை விடவில்லை. அது போக, ஒரு வரியின் பொருளைக் கவிஞரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் சொல்ல வேண்டும் என்றால் சங்கப் பாட்டு ஒன்றுக்குக்கூட நம்மிடம் உரை இருக்காது. உரைகாரர் சொன்ன பொருளுக்கு வரி இடம் கொடுக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

அதே பாட்டில் நாஸ் தூங்குவதே இல்லை என்கிறார், தூக்கம் சாவின் உறவுக்காரன் என்கிறார். நம்மவர்கள் இதைக் கேட்டதும் 'உறங்குவது போலும் சாக்காடு' என்ற குறளை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். உங்கள் மகனும் வைக்கலாம், ஆனால் அதோடு நிற்கக் கூடாது. வள்ளுவர் நிலையாமையைச் சொல்கிறார்: உறங்குவது, விழிப்பது, சாவது, பிறப்பது எல்லாம் இயல்பாக நடப்பவை. நாஸின் வரியில் இயல்பாக நடப்பது எதுவும் இல்லை. கண் அசந்தால் எவனாவது வந்து முடித்துவிடுவான் என்ற காவல் விழிப்பு அது. ஒற்றுமையைச் சொல்லிவிட்டு வேற்றுமையை விட்டால் இரண்டு கவிஞர்களுக்கும் அநியாயம்.

இனி அந்தப் பேராசிரியர்கள். மகன் காட்டியது 2010 வாக்கில் மைக்கேல் எரிக் டைசனும் சோஹைல் தௌலத்சாயும் தொகுத்த புத்தகமாகத்தான் இருக்கும். பாட்டுக்கு ஒருவராக எழுதியிருக்கிறார்கள். டைசன் எடுத்துக்கொண்டது 'ஒன் லவ்'. அவருடைய தம்பி கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போனவர். சிறைக்குக் கடிதம் எழுதும் அண்ணன், சிறைக்குக் கடிதம் எழுதும் பாட்டைப் படிக்கிறார். அவரைப் பார்த்து இல்லாததை ஏற்றுகிறார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தொகுப்பு முழுக்கப் புகழ்மாலையும் அல்ல. கைரா கான்ட் என்ற இசை ஆய்வாளர் இந்தப் பாட்டுகளில் பெண்களுக்கு என்ன இடம் என்று கேட்கிறார். கேட்க வேண்டிய கேள்வி. சிறைக்கு எழுதாத அந்தப் பெண் ஏன் சீறினாள்? கைக்குழந்தையோடு தனியாக நிற்கிறவள் தரப்பு நியாயம் என்ன? ஆல்பம் அவளைப் பேச விடவில்லை. நாஸ் மேல் எனக்கு இருக்கும் பெரிய குறை அது.

பேராசிரியர்கள் எழுதுவதெல்லாம் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. நாலு தத்துவவாதிகளின் பெயரை அடுக்கிவிட்டு வரிப்பக்கமே வராத கட்டுரைகளை நானும் படித்து அலுத்திருக்கிறேன். ஹார்வர்ட் 2013இல் நாஸின் பெயரில் ஆய்வு நிதி வைத்தது, அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இந்த ஆல்பத்தைச் சேர்த்தது. சந்தோஷம். ஆனால் அந்தப் பெருமையை ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் போட்டு ஆரம்பிக்க வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். 'ஒன் லவ்' பாட்டிலேயே, பள்ளிக்கூடத்துப் பாடத்தில் இருக்கும் பொய்கள் எரிச்சலூட்டுகின்றன என்று நாஸ் சொல்கிறார். அந்த வரிக்கு எதிரே உட்கார்ந்துதான் உங்கள் மகன் பல்கலைக்கழகத்துக்கு எழுதப் போகிறான். அதை மறக்காமல் எழுதட்டும்.

இன்னொன்று, எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு எழுத வேண்டாம். 'ஒன் லவ்' பாட்டுக்கு அடியில் டிங் டிங் என்று ஓர் ஓசை ஓடிக்கொண்டே இருக்கும். ஹீத் சகோதரர்கள் 70களில் பதிந்த ஜாஸ் இசையிலிருந்து, இந்தப் பாட்டைத் தயாரித்த கியூ-டிப் எடுத்துப் போட்டது. கட்டைவிரலால் மீட்டும் ஆப்பிரிக்க வாத்தியம். தாலாட்டுக்கு வைக்கலாம் போல அவ்வளவு மென்மை. அதன் மேல்தான் கவசம் போட்ட குழந்தை உட்கார்ந்திருக்கிறான்.

மகன் அடுத்த முறை ஊருக்கு வரும்போது இருவருமாக அந்த மூன்றாவது சரணத்தைக் கேளுங்கள். வயது வரும் இடத்தில் நிறுத்தச் சொல்லி, ஏன் இவ்வளவு தாமதமாகச் சொல்கிறார் என்று அவனைக் கேளுங்கள். என் பதிலை முதலில் காட்டாதீர்கள்.